பாம்புச் சட்டை போட்ட தார்ப்பாய்

பரணிலிருந்து பையை இறக்கும்போதே வாடை வந்துவிட்டது. எலி செத்துக் கிடக்கிறது என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பையின் சுருக்கை அவிழ்த்தேன். எலி இல்லை. ஏழு மாதத்துக்கு முன் ஏற்காட்டிலிருந்து நனைந்து திரும்பிய இரவு, "நாளைக்குக் காய வைத்துக்கொள்ளலாம்" என்று தூக்கிப் போட்ட தார்ப்பாய்தான் அது, மலையில் இரவு தங்கும்போது கூரையாகக் கட்டுவது. பிரிக்கப் பார்த்தேன். மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொண்டு, காயத்திலிருந்து பழைய பிளாஸ்திரியை உரிப்பதுபோல் சத்தம் போட்டது. உள்பக்கப் பூச்சு செதில் செதிலாக வந்து விரலில் பிசுபிசுத்தது. கைக்குழந்தை கக்கிய பால் துணியில் காய்ந்தால் ஒரு புளித்த நாற்றம் வருமே, அதே நாற்றம்.

துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டது அதன் பூச்சு. நைலான் துணியில் தண்ணீர் புகாமலிருக்க உள்பக்கம் பாலியூரிதேன் பூசுகிறார்கள். அந்தப் பூச்சுக்கு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஆகாது. மெல்ல மெல்லச் சிதைந்து பிசினாகிவிடும். எங்கள் பரணுக்கு நேர் மேலே மொட்டை மாடி. பங்குனி, சித்திரை வெயில் அந்தக் கான்கிரீட்டைச் சுட்டு முடிக்க இரவு பத்து மணி ஆகும். ஈரத் துணியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி அந்த அடுப்புக்குள் வைத்தவன் நான். விற்றவரைக் குறை சொல்ல வழியே இல்லை. கயிறுகளையும் எட்டு அலுமினிய முளைகளையும் எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பை வண்டியில் போட்டேன்.

மலையில் ஒரு கீறல்கூட விழாத பாய் வீட்டில் செத்துப்போனது என்பதுதான் உறுத்தியது. அடுத்த பாயை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்த வேலையின் பதிவு இது. ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை இழுத்தது.

எந்தப் பாய் வாங்குவது என்பதில் எனக்கும் தங்கை கணவருக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். நெல் காயப்போடும் களத்திலும் பழக்கடையிலும் பார்க்கிற நீலப் பாயே போதும் என்பது அவர் கட்சி. விலை மலிவு, ஊரெல்லாம் கிடைக்கும். ஆனால் சதுர மீட்டருக்கு 200 கிராம் உள்ள பாயை 3 மீட்டருக்கு 3 மீட்டர் எடுத்தால் 1.8 கிலோ, மடித்தால் தலையணை அளவு. இருசக்கர வண்டியில் ஏற்கெனவே ஆள் இருவர், அடுப்பு, அரிசி எல்லாம் இருக்கின்றன. வெயிலில் கிடந்தால் அது பொடிந்து நார் நாராகப் பறப்பதையும் பார்த்திருக்கிறேன். அதன் ஓரத்தில் அடித்திருக்கும் அலுமினிய வளையங்கள் முதல் பெருங்காற்றில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

வளையம் போன நீலப் பாய் உங்களிடம் இருந்தால் எறிய வேண்டாம். மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி ஒரு கொட்டைப்பாக்கை வையுங்கள். துணியால் அதைச் சுற்றிப் பிடித்து, பாக்கின் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். பாக்கு வெளியே வராது, துணி கிழியாது, வளையத்தைவிட உறுதியாக நிற்கும். கூழாங்கல்லும் வைக்கலாம், பாக்கு வழவழப்பாக இருப்பதால் துணியைக் குத்தாது.

கடைசியில் நான் வாங்கியது இருபுறமும் சிலிகான் ஏற்றிய நைலான் துணி. நம் ஊரில் பாராசூட் துணி என்பார்கள். உற்றுப் பார்த்தால் சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓட்டை விழுந்தால் கிழிசல் அந்தத் தடித்த நூலில் முட்டி நின்றுவிடும் என்பது ஏற்பாடு. அதே 3க்கு 3 அளவு, எடை அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சிலிகான் பாலியூரிதேன் போல ஈரத்தில் சிதையாது. இதற்கும் ஒரு குறை உண்டு. அது பிறகு, நடு இரவில் தெரிந்தது.

மொட்டை மாடி

இரண்டு துண்டுத் துணியை நடுவில் சேர்த்துத் தைத்தால்தான் 3 மீட்டர் அகலம் வரும். அந்த நடுத் தையல்தான் கூரையின் முகடு. ஊசி போன ஒவ்வொரு துளையும் மழைக்கு ஒரு வாசல். பாலியூரிதேன் பூசிய பாய்களில் தையல்மேல் நாடாவைச் சூடாக்கி ஒட்டி அனுப்புவார்கள்; சிலிகான்மேல் எந்த நாடாவும் ஒட்டாது. சிலிகான்மேல் சிலிகான்தான் ஒட்டும். ஆகவே அடைக்கிற வேலை வாங்கியவன் தலையில்.

ஹார்டுவேர் கடையில் மீன்தொட்டிக்கும் கண்ணாடிக்கும் போடுகிற நிறமற்ற சிலிகான் பசை ஒரு குழாயும், பெயின்ட் கலக்கும் டர்பன்டைன் ஒரு சிறு பாட்டிலும் வாங்கினேன். பசையை அப்படியே பூசினால் தையல்மேல் புழுவைப் போல் படுத்துக்கொள்ளும், துளைக்குள் இறங்காது. பழைய கண்ணாடிக் குடுவையில் பசையைப் பிழிந்து, டர்பன்டைனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குச்சியால் கிண்டினேன். முதலில் திரிதிரியாகப் பிரிந்து பயமுறுத்தும். விடாமல் கிண்டினால் சேர்ந்துவரும். பதம் சொல்ல வேண்டுமென்றால் விளக்கெண்ணெய். தோசை மாவு அளவுக்குக் கெட்டியாக இருந்தாலும் இறங்காது, தண்ணீராகிவிட்டால் நிற்காது.

துணி காயப்போடும் கொடியில் பாயைத் தொங்கவிட்டு, தையல் விறைப்பாக நிற்கும்படி இரு முனையிலும் கிளிப் போட்டேன். அரை அங்குலத் தூரிகையால் தையலின் மேல்பக்கம் முழுவதும் ஒரு முறை, பத்து நிமிடம் கழித்து வழிந்த இடங்களைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை. நாடா வளையங்கள் தைத்திருக்கும் நான்கு மூலைகளுக்கும் ஓரங்களின் நடுவில் இருக்கும் நான்கு வளையங்களுக்கும் தனித்தனியாகப் பூச்சு. பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. டர்பன்டைன் ஆவி பற்றிக்கொள்ளும். மாடி முழுக்க வினிகர் வாடை. கீழ்வீட்டு அக்கா ஊறுகாய் போடுகிறீர்களா என்று கேட்டார்.

ஒரு நாள் முழுதும் காய்ந்த பிறகும் பூசிய இடம் லேசாக ஒட்டும். அப்படியே சுருட்டினால் தையலும் தையலும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைப் பஞ்சில் தொட்டுத் தட்டிவிட்டேன். ஒட்டல் போய்விட்டது. மறுநாள் வாளித் தண்ணீரைத் தையலோரமாக ஊற்றி, அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. பெருமையாக இருந்தது. வாளித் தண்ணீர் வேறு, மலை மழை வேறு என்பதை அப்போது யார் நினைத்தார்கள்.

சங்ககிரி

புதுப் பாய்க்குப் பழைய முடிச்சு ஆகாது என்று தெரியும். ஏற்காட்டில் நான் போட்டதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு முடிச்சு. காலையில் பல்லால் கடித்தும் அவிழாமல் கத்தியால் வெட்டினேன். ஒவ்வொரு பயணத்திலும் கயிறு ஒரு முழம் குறைந்துகொண்டே வந்தது.

முடிச்சு கற்றது சங்ககிரியில், ஒரு டீக்கடை வாசலில். விடியற்காலை வேலையாகப் போனவன் டீ குடித்துக்கொண்டு நின்றேன். எதிரே ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய லாரி. ஓட்டுநர் தனி ஆளாகத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்குக் குறையாது. மேலிருந்து வந்த கயிற்றில், தன் தோள் உயரத்தில், ஒரு முறுக்குப் போட்டு வளையம் எடுத்தார். அந்த வளையத்துக்குள் கயிற்றின் மடிப்பொன்றைச் சொருகி லேசாக இழுத்ததும் அங்கே ஒரு காது நின்றது. கயிற்றின் நுனியைக் கீழே லாரிக் கொக்கியில் மாட்டி, மேலே கொண்டுவந்து காதுக்குள் விட்டு, உடம்பு முழுவதையும் சாய்த்துக் கீழே இழுத்தார். கயிறு வீணைத் தந்தியாக நின்றது. காதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே நுனியில் இரண்டு உருவாஞ்சுருக்கு. மொத்தம் எட்டு விநாடி இருக்கலாம்.

இன்னொரு முறை போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். மலையில் கூடாரம் கட்ட என்றதும் சிரித்துவிட்டு, அவிழ்த்தே காட்டினார். நுனியைப் பிடித்து ஒரு இழு. சுருக்கு உருவிக்கொண்டது, காதும் கரைந்துபோனது, கயிற்றில் முடிச்சின் அடையாளமே இல்லை.

"இறுக்கிக் கட்ட எல்லாருக்கும் தெரியும் தம்பி. மழையில் ஊறிய கயிற்றை விடியற்காலையில் அவிழ்க்கப்போவதும் நீங்கள்தானே? அதையும் சேர்த்து யோசித்துக் கட்டுங்கள்" என்றார்.

கணக்குப்படி இந்தக் கட்டில் நாம் இழுக்கும் விசை மூன்று மடங்காக வேண்டும். காதுக்குள் கயிறு கயிற்றோடு உரசுவதில் கணிசமாகப் போய்விடும், மீதியே தாராளம். எச்சரிக்கை ஒன்று: மெல்லிய நைலான் கயிற்றில் காதை எப்போதும் ஒரே இடத்தில் எடுத்தால் அந்த இடம் தேயும். கட்டும்போது ஒரு சாண் முன்னே பின்னே மாற்றிக்கொள்கிறேன். வேலிக்குக் கட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு இதற்கு வேண்டாம். வழுக்கும், முடிச்சு நிற்காது.

புறப்படும் முன் அவரிடம் கேட்டேன், நனைந்த பாயை என்ன செய்வீர்கள் என்று. சரக்கு இறக்கும் இடத்தில் முதல் வேலை பாயை லாரி மேலேயே விரித்துக் காயப்போடுவதுதான், சாப்பாடு அதற்குப் பிறகு என்றார். ஏழு மாதம் ஈரப் பாயைப் பரணில் வைத்திருந்த கதையை நான் அவரிடம் சொல்லவில்லை.

கொல்லிமலை

ஐப்பசி முதல் வாரம் சனிக்கிழமை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக்குப் போனோம். நான், தங்கை கணவர், அவருடைய பதினான்கு வயது மகன். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் இரவு தங்கக்கூடாது. தனியார் தோட்டமென்றால் சொந்தக்காரர் சம்மதித்தால் போதும்.

மரத்துக்குப் பஞ்சமில்லை என்றுதான் நினைத்தோம். பார்த்தால் சில்வர் ஓக் ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி இடுப்புக்கு மேல் ஏறியிருக்கிறது. கயிற்றைச் சுற்றினால் கொடி நசுங்கும். "கொடி இருக்கிற மரத்தைத் தொட வேண்டாம் சாமி, மற்றபடி எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள்" என்று தோட்டத்துப் பெரியவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொடியில்லாத இரண்டு மரம், இடையில் ஐந்து மீட்டர், நடுவில் கல்லில்லாத மேட்டு நிலம்: இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்க அரைமணி நேரம் ஆனது. முதலில் அருமையாகத் தெரிந்த இடத்தில் மேலே அண்ணாந்தால் பலாமரம். காய்ப்பருவம் இல்லைதான். ஆனாலும் பட்டுப்போன ஒரு கிளை தொங்கிக்கொண்டிருந்தது. நகர்ந்துவிட்டோம்.

மரப்பட்டையைக் கயிறு அறுக்காமலிருக்க, பழைய பள்ளிப் பை ஒன்றின் தோள் நாடாவை வெட்டி இரு முனையிலும் வளையம் தைத்து வைத்திருந்தேன். நாடா மரத்தைச் சுற்றும், கயிறு நாடாவில் மாட்டும். முகட்டுக் கயிறு 5 மில்லிமீட்டர். ஒரு மரத்தில் நிலையான வளையம், மறு மரத்தில் சங்ககிரிக் கட்டு. பாயை அந்தக் கயிற்றின்மேல் போட்டு, இரு முனையையும் கயிற்றோடு பிடிக்க வைத்தது பிரூசிக் சுருக்கு. 3 மில்லிமீட்டர் கயிற்றில் ஒரு வளையம் முடிந்து, அதை முகட்டுக் கயிற்றில் தனக்குள்ளேயே மூன்று சுற்றுச் சுற்றி இழுப்பது. பாரம் விழுந்தால் உடும்பாய்ப் பிடிக்கும். கையால் தளர்த்தித் தள்ளினால் நகரும். காரல் பிரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931இல் இதைப் பிரபலமாக்கினார். சுற்றும் கயிறு தாங்கும் கயிற்றைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே தடிமனென்றால் பிடிப்பு குறைந்து வழுக்கும்.

உயரம் எவ்வளவு என்பதில் பையனுக்கு வேலை கொடுத்தேன். பாயின் ஒரு சரிவு 1.5 மீட்டர். முகடு 1.4 மீட்டரில், ஓரம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் அடியில் எவ்வளவு அகலம் கிடைக்கும்? தரையில் குச்சியால் முக்கோணம் போட்டு, பிதாகரஸைக் கூப்பிட்டு, ஒரு பக்கம் 1.27 மீட்டர், மொத்தம் இரண்டரை மீட்டர் என்றான். மூன்று பேருக்குத் தாராளம். காற்று வந்தால் ஓரத்தைத் தரையோடு இறக்க வேண்டும். அப்போது முகட்டை 1.2க்குத் தாழ்த்தினால் அகலம் 1.8தான். "அப்படியென்றால் அப்பா வெளியில் படுக்கட்டும் மாமா" என்றான்.

முளைகளைப் பாயிலிருந்து விலகிச் சாய்வாக அடிக்க வேண்டும். இழுக்கும் கயிறும் முளையும் கிட்டத்தட்ட செங்கோணத்தில் இருக்கட்டும். தோட்டத்து மண் இலைமக்கிப் பொதபொதவென்று இருந்தது. அலுமினிய முளை வெண்ணெயில் கத்தி போல இறங்கியது, அதே சுலபத்தில் வெளியிலும் வந்தது. நான்கு மூலை முளைகளின்மேலும் ஆளுக்கொரு கல் தூக்கி வைத்தோம்.

மாலை ஆறுக்கு இடி, ஏழுக்கு மழை. எட்டரை வரை எல்லாம் அழகு. பாய்மேல் மழை விழும் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. தங்கை கணவர் ரசத்தைப் பாய்க்கு வெளியே, வண்டியின் மறைவில் குடைக்கடியில் வைத்துச் சூடுபண்ணிக்கொண்டிருந்தார். நைலான் கூரைக்குக் கீழே அடுப்பு மூட்டக்கூடாது என்று நான் போட்ட சட்டம்.

முதல் கோளாறு, முகட்டுக் கயிறு. மரத்தில் வழியும் தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து உள்ளே வந்து, தொங்கவிட்ட டார்ச் விளக்கில் இறங்கியது. இதற்கு மருந்து எளிது. பாய்க்கு ஒரு சாண் வெளியே, கயிற்றில் பருத்தித் துணிக் கிழிசலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும். வேட்டிக் கரையில் இரண்டு கிழித்துக் கட்டினோம். இரண்டு நிமிடத்தில் நின்றது.

இரண்டாவது கோளாறு இரவு இரண்டரை மணிக்கு. விழித்துப் பார்த்தால் என் முகத்துக்கு இரண்டு சாண் மேலே கூரை. மாலையில் தட்டினால் தம்பட்டமாக ஒலித்த பாய், சினைமாட்டு வயிறாகத் தொங்குகிறது. உள்ளே தண்ணீர் குளம். நைலான் ஈரம் குடித்தால் நீளும். வாங்கும்போது நான் பெரிதாக நினைக்காத குறை இதுதான். பாலியெஸ்டர் துணி இந்த அளவு தொய்யாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் பத்து லிட்டர், அதாவது பத்துக் கிலோ. ஒரு மூலை முளை பாதி பிடுங்கியிருந்தது. உள்ளிருந்து கையால் தூக்கிவிட்டதும் வாளி வாளியாகக் கொட்டியது, தங்கை கணவரின் செருப்பின்மேல். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய் எல்லாக் கயிற்றையும் மறுபடி இழுத்துக் கட்டினேன். சங்ககிரிப் பெரியவர் சொன்னது அப்போது புரிந்தது. ஊறிய கயிறு, இருட்டு, விறைத்த விரல்; ஒரு இழுப்பில் அவிழ்ந்து மறு இழுப்பில் இறுகியது. ஒரு மூலையை மட்டும் வேண்டுமென்றே தாழ்த்திவிட்டேன். கூரைக்கு ஒரு மடை இருந்தால் தண்ணீர் எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு நிற்காது.

ஊருக்குத் திரும்பியதும் இதற்கு ஒரு வைத்தியம் செய்தேன். சைக்கிள் கடையில் கிழிந்த டியூப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதை ஒரு விரல் அகலத்துக்கு வளையங்களாக வெட்டி, ஒவ்வொரு இழுகயிற்றுக்கும் பாய்க்கும் நடுவில் ஒன்று மாட்டினேன். மாலையில் கட்டும்போது டியூப் பாதி நீளும்வரை இழுத்துவிட்டால், இரவில் துணி தளரத் தளர ரப்பர் சுருங்கி இழுத்துக்கொள்ளும். முகட்டுக் கயிற்றுக்கு வேண்டாம். அது விறைப்பாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. வடக்கு முனையில், முகட்டுத் தையலில், ஒரே இடத்தில் நிமிடத்துக்கு ஒரு சொட்டு. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அடியில் டம்ளரை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

கொசுவலை

காலையில் அவிழ்க்கும்போதுதான் பாய் அழுக்காகிறது. முளையைப் பிடுங்கியதும் ஓரம் சேற்றில் விழும், அதை மடியில் வாரிச் சுருட்டினால் சேறு உள்ளே போய்விடும். தரையையே தொடாமல் பாயை மடிக்க ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்வதற்கு ஊரிலேயே ஏற்பாடு செய்திருந்தேன்.

கொசுவலைத் துணியில் இரண்டு நீளக் குழல். ஒவ்வொன்றும் 1.6 மீட்டர், பாயின் முகடு 3 மீட்டர் என்பதால் நடுவில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தையற்காரர் முதலில் இரண்டையும் ஒரே அகலத்தில் தைத்துவிட்டார். குறுகலான குழலுக்குள் பாய் நுழைய மறுத்து, துணி சிக்கி, வலை கிழிந்தது. இரண்டாவது முறை நானே செய்தித்தாளில் வெட்டிக் கொடுத்தேன்: மரத்துப் பக்கம் தட்டையாக 10 சென்டிமீட்டர், நடுப்பக்க வாய் 18. அகலமான வாயின் விளிம்பில் ரவிக்கைக்கு வைக்கும் பருத்தி நாடா. விறைப்பாக நிற்கவும், விரல் மாட்டி இழுக்கவும் வசதி.

பாயைக் கட்டும் முன்பே இந்தக் குழல்களை முகட்டுக் கயிற்றில் கோத்துவிட வேண்டும். பாய் விரிந்திருக்கும்போது இரண்டும் சுருங்கி மரத்தோரம் உட்கார்ந்திருக்கும். அவிழ்க்கும் நேரத்தில், முகட்டைத் தொடாமல், ஓரக் கயிறுகளை மட்டும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கயிற்றையும் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எட்டுப் போட்டுச் சுற்றி, கடைசி முழத்தால் அந்தச் சுருளின் இடுப்பில் இறுக்கினால் அடுத்த முறை நுனியை இழுத்தாலே சிக்கில்லாமல் பிரியும். முழங்கையில் சுற்றுகிறவர்கள் அடுத்த பயணத்தில் அரைமணி நேரம் சிக்கெடுப்பார்கள்.

பிறகு ஆளுக்கொரு பக்கம் நின்று பாயை உதறி, ஈரிழைத் துண்டால் மேலும் கீழும் ஒரு முறை துடைத்து, முகட்டை நோக்கிச் சுருட்டிக்கொண்டே போனால் கயிற்றில் ஒரு நீள உருளை தொங்கும். குழலின் வாயைப் பிடித்து நடுவை நோக்கி இழுத்தால் பாய் முழுவதும் உள்ளே போய்விடும். பையன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மாமா, பாம்பு சட்டையைக் கழற்றுவதைத் திருப்பி ஓட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது" என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் பாம்புச் சட்டை. கடைசியில் மரத்து நாடாவைக் கழற்றி, பாம்பைப் பைக்குள் தலையிலிருந்து வாலாகத் திணித்துக்கொண்டே வர வேண்டியதுதான். தரை தொடவில்லை. மடிக்கவும் இல்லை. ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடித்தால் பூச்சு அந்தக் கோட்டில் விரிசல் விடும். திணிப்பதில் மடிப்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழும். வலையென்பதால் வழியெல்லாம் தண்ணீர் ஒழுகி, காற்றும் படுகிறது.

வீட்டில்

ஊர் வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பது. உடம்பு "நாளைக்கு" என்றுதான் சொன்னது. வெளியே தூறல், மாடி ஆகாது. கூடத்தில் ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிவரை கயிறு கட்டி, பாயை விரித்து, மின்விசிறியைப் போட்டேன். அம்மா சாப்பாட்டுத் தட்டோடு குனிந்து வந்தார். "யாருக்குக் கல்யாணம்? பந்தல் போட்டிருக்கிறாய்" என்றார். சோப்பு போட வேண்டிய அளவுக்கு அழுக்கில்லை. ஓரத்துச் சேற்றை மட்டும் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தேன். வாஷிங் மெஷினில் போடவே கூடாது. மெல்லிய துணி காலையில் காய்ந்துவிட்டது. தையல்களும் மூலை நாடாக்களும் மாலைவரை ஈரம் பிடித்துக்கொண்டிருந்தன. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், கை சொல்லாததைக் கன்னம் சொல்லும்.

காய்ந்த பாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது மூன்று குண்டூசித் துளைகள். மலையில் மறுநாள் காலை பையன் மூட்டிய தீயின் பொறிகள். பாயோடு வந்த சிறு பையிலிருந்து நகக்கண் அளவு மூன்று வட்டம் வெட்டி, நீர்க்காத சிலிகான் பசையை மெல்லத் தடவி ஒட்டி, மேலே புத்தகத்தை வைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சொட்டின் மர்மமும் விடுபட்டது. வடக்கு முனையில் தையல்மேல் இரண்டு அங்குலத்துக்குப் பளபளப்பே இல்லை. மாடியில் பசை பூசிய அன்று துணிக் கிளிப் கடித்துக்கொண்டிருந்த இடம் அது. தூரிகை கிளிப்பைச் சுற்றிப் போயிருக்கிறது. வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தபோதும் அதே இடத்தில்தான் கிளிப் போட்டிருந்தேன்.

பாய் இப்போது பழைய தலையணை உறைக்குள், தளர்வாக, அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. முளைகள் தனிப் பையில். கூர்முனை துணியோடு சேரக்கூடாது. பரணுக்கு அதை ஏற்றுவதில்லை. வாசல் நாட்காட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு தேதியில் வட்டம் போட்டிருக்கிறேன், எடுத்து நிழலில் விரித்து மோந்து பார்ப்பதற்கு. நேற்று முதல் வட்டம். பவுடர் வாடைதான் வந்தது. முளைகளை எண்ணினேன், ஏழு இருந்தன. குடுவையில் மீதி வைத்திருந்த சிலிகான் கல்லாகிவிட்டது. அந்த இரண்டு அங்குலத்துக்காக ஞாயிற்றுக்கிழமை புதுக் குழாய் ஒன்று வாங்க வேண்டும்.